சேதி சொன்னவருக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்?

உலக சுகாதார அமைப்பின் உச்சக் கூட்டமான உலக சுகாதாரப் பேரவையில் தத்தம் நாடுகளின் பேரால் அமரும் பிரதிநிதிகளே, வணக்கம்.

என் அம்மாவின் இடது புயத்தில் பழைய நாலணாக் காசு அளவில் இரண்டு வடுக்கள் இருக்கின்றன. அம்மை குத்த ஆள் வருகிறது என்றதும் நெற்குதிருக்குப் பின்னால் ஒளிந்ததையும், தாத்தா இழுத்துவந்து திண்ணையில் உட்காரவைத்ததையும் இன்றும் சொல்வார். அவருடைய அக்காவுக்கு அந்த ஊசி வாய்க்கவில்லை. பெரியம்மை கண்டு, எப்படியோ பிழைத்தார். முகமெல்லாம் தழும்பு, ஒரு கண்ணில் பார்வை இல்லை. எங்கள் வீட்டுத் திருமணப் படங்கள் ஒன்றில்கூடப் பெரியம்மா கிடையாது. படம் எடுக்கிறார்கள் என்றால் அடுக்களைக்குள் போய்விடுவார்.

அந்த நோய் இன்று உலகில் இல்லை. 1980 மே 8 அன்று அதை அறிவித்தது உங்கள் பேரவைதான். அது எப்படி ஒழிந்தது என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்ற அச்சத்தில் இதை எழுதுகிறேன்.

1975-இல் வங்கதேசத்தின் போலா தீவில் ரஹீமா பானு என்ற குழந்தைக்குப் பெரியம்மை கண்டது. அந்நோயின் கொடிய வகை இயற்கையாகத் தொற்றிய கடைசி ஆள் அவள்தான். தடுப்புக் குழுவிடம் போய் அதைச் சொன்னவள் எட்டு வயதுச் சிறுமி. அவளுக்கு 250 டாக்கா பரிசு கொடுத்தார்கள். இந்தியாவிலும் இதே வழிதான். அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையை ஊழியர்கள் சந்தையிலும் பள்ளியிலும் காட்டி, இப்படி யாருக்காவது இருக்கிறதா என்று விசாரித்தார்கள். தகவல் சொன்னவருக்கு முதலில் 50 ரூபாய், பிறகு 100, கடைசியில் 1,000 ரூபாய். அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய் என்பது ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் பல மாதச் சோறு. நோயைச் சொன்னால் ஊர் ஒதுக்கிவைக்கும் என்று பயந்தவர்களை, சொன்னால் நன்மை உண்டு என்று நம்பவைத்தார்கள்.

2021 நவம்பருக்கு வாருங்கள். போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் கொரோனாவின் புதிய திரிபு ஒன்றைக் கண்டறிந்து, ஒளிக்காமல் உடனே உலகுக்குச் சொன்னார்கள். ஒமைக்ரான் என்று பின்னர் பெயரிடப்பட்டது அதற்குத்தான். அவர்களுக்கு என்ன கிடைத்தது? ஓரிரு நாட்களில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தென் ஆப்பிரிக்கப் பகுதிக்குக் கதவைச் சாத்தின. அதே ஆண்டின் தொடக்கத்தில், ஆஸ்ட்ராஜெனகா தடுப்பூசிக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு டோஸுக்கு 2.16 டாலர் கொடுத்தபோது தென்னாப்பிரிக்காவிடம் 5.25 டாலர் கேட்கப்பட்டது. அந்தத் தடுப்பூசியின் பரிசோதனைக்குப் புயத்தை நீட்டியவர்களில் தென்னாப்பிரிக்கர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவுக்குப் போன அந்த மருந்து தயாரானது எங்கள் இந்தியாவில் என்பதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சேதி சொன்னவரைத் தண்டித்தால் அடுத்தவர் வாயைத் திறப்பாரா? 2007-இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரிகளை உங்கள் அமைப்புக்கு அனுப்ப மறுத்தது. எங்கள் மக்களின் உடலிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டு வெளிநாட்டில் தடுப்பூசி செய்கிறீர்கள், அதை விலைகொடுத்து வாங்க எங்களால் முடியவில்லை என்றது. உலகத்தை ஆபத்தில் தள்ளுகிறது என்று பலர் ஏசினார்கள். ஆனால் அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான், கிருமி மாதிரியையும் அதனால் வரும் தடுப்பூசியையும் பகிர்ந்துகொள்ள 2011-இல் நீங்கள் ஏற்ற ஏற்பாடு. அதுவும் கொள்ளைநோயாகக்கூடிய ஃப்ளூ கிருமிகளுக்கு மட்டும்.

2025 மே மாதம் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டீர்கள். குழுவில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 124, எதிர்ப்பு இல்லை, நடுநிலை 11. மனம் நிறைந்து மகிழ்ந்தேன். பிறகு படித்தால், உயிர்நாடியான பகுதியை ஓர் இணைப்புக்குத் தள்ளியிருந்தீர்கள். கிருமி மாதிரியைக் கொடுக்கும் நாட்டுக்கு மருந்தில் என்ன பங்கு என்பதுதான் அந்த இணைப்பு. அது முடியாமல் உடன்படிக்கை கையெழுத்துக்கே திறக்கப்படாது. அதன்பின் 60 நாடுகள் உறுதிசெய்தால்தான் நடைமுறைக்கு வரும். இந்தப் பகிர்வு ஏற்பாட்டில் சேரும் மருந்து நிறுவனங்கள் பெருந்தொற்றின்போது உற்பத்தியில் 20 விழுக்காட்டை இலக்காக வைத்து உலக சுகாதார அமைப்புக்கு ஒதுக்க வேண்டும், மொத்த உற்பத்தியில் குறைந்தது 10 விழுக்காடு இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது வாசகம். எண் இருக்கிறது. ஆனால் எந்த நிறுவனமும் சேராவிட்டால் அந்த எண்ணை வைத்து யாருக்கு ஊசி போடுவது? மாதிரியையும் மரபணு வரிசையையும் எடுத்துக்கொள்கிறவர் பங்கைக் கொடுக்கவும் ஒப்பந்தத்தால் கட்டுப்பட வேண்டும் என்று எழுதுங்கள். விருப்பமிருந்தால் என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் விடாதீர்கள்.

இன்றைய உலக அரசியலில் இது நடக்குமா, வல்லரசுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றனவே என்பீர்கள். 1958-ஐ நினைத்துப் பாருங்கள். 1949-இல் உங்கள் அமைப்பை உதறிவிட்டுப் போன சோவியத் யூனியன், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்த நேரம். பேரவை கூடியது அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில். சோவியத் துணை அமைச்சர் விக்டர் ஸ்தானோவ் எழுந்து, பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிப்போம் என்றார். அதற்குத் துணையாக அவர் எடுத்துக்காட்டியது அமெரிக்க அதிபர் ஜெபர்சன் தடுப்பூசி கண்ட ஜென்னருக்கு எழுதிய பழைய கடிதத்தை. எதிரியின் மண்ணில், எதிரியின் முன்னோர் சொன்ன சொல்! பின்னர் சோவியத் நாடு கோடிக்கணக்கான டோஸ் கொடுத்தது. திட்டத்தை நடத்திய டொனால்ட் ஹெண்டர்சன் அமெரிக்கர். இரண்டு முனை கொண்ட அந்தச் சின்ன ஊசியை உருவாக்கிய வயத் என்ற அமெரிக்க நிறுவனம், உரிமத்தொகை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. அந்த ஊசியால் கால்வாசி மருந்திலேயே வேலை முடிந்தது. 1966-இல் இதற்கான பணத்துக்கு வாக்கெடுத்தபோது தேவைக்கு மேல் விழுந்தவை இரண்டே வாக்குகள். இன்னும் சில கைகள் தூக்கப்படாமல் போயிருந்தால் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

உங்கள் அமைப்பிலிருந்து வெளியேறுவதாக அமெரிக்கா 2025 ஜனவரியில் அறிவித்தது. அவர்களுடைய நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். போனவர்கள் திரும்பிவந்து பெரிய காரியம் செய்த வரலாறு உங்களுக்கே உண்டு.

கடைசியாக, எங்கள் இந்தியப் பிரதிநிதிகளுக்குத் தனியே ஒரு சொல். மாதிரி கொடுக்கும் நாடும் நாம், மருந்து செய்யும் நாடும் நாம். 2020 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து, கொரோனா மருந்துகளுக்குக் காப்புரிமையைத் தளர்த்துங்கள் என்று உலக வர்த்தக அமைப்பில் கேட்டதும் நாம்தான். அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் நம் சுடுகாடுகள் அணையாமல் எரிந்தபோது, தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தியதும் நாம்தான். ஆப்பிரிக்காவில் முதல் டோஸ் போட்டுக்கொண்ட பலர் இரண்டாம் டோஸுக்காகக் காத்துக்கிடந்தார்கள். இரண்டு பக்கத்து வலியும் தெரிந்தவர்கள் நீங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே மேசைக்கு இழுத்துவர உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? அந்த அறையில் நீங்கள் எதற்கு ஆம் என்றீர்கள், எதற்கு இல்லை என்றீர்கள் என்பதை நாடாளுமன்றத்தில் வையுங்கள், தமிழிலும் வெளியிடுங்கள். என் அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, நான் படித்துக்காட்ட வேண்டும்.

மரியாதையுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை