‘வீட்டில் வெட்டிக்கொண்டார்’ என்று எழுதிய கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 27 வருடம் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, இருந்தவன் நான். செக்ரோல் என்கிற ஆள்வரவு ஏட்டை எழுதினேன், சம்பளம் போட்டேன், சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாரங்களை (படிவங்களை) நிரப்பினேன். நிரப்பாமல் விட்டதும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1994-இல் ஒருநாள் காலை, பழம் வெட்டுகிற ஒருவரை டிராக்டரில் ஏற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். மட்டையில் சிக்கிய அரிவாளை அவர் இழுக்க, அது சட்டென்று விடுபட்டுக் கழியோடு கீழே வந்திருக்கிறது. தடுக்கக் கையை நீட்டிவிட்டார். வலது கையில் இரண்டு விரலில் வெட்டு. சுற்றியிருந்த தலைத்துண்டு நனைந்து, மேசையில் விரித்திருந்த செக்ரோலில் இரண்டு சொட்டு விழுந்தது. நான் கையைப் பார்க்காமல் ஏட்டைத்தான் அவசரமாகத் துடைத்தேன்.

தோட்ட நிர்வாகியான துரை சொன்னார்: “வீட்டில் கத்தி பட்டது என்று போடுங்கள் கிராணி. சம்பளத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம்.” அப்படியே போட்டேன். ஆபீஸ் வாசலில் ‘விபத்து இல்லாத நாட்கள்’ என்று ஒரு பலகை உண்டு. மறுநாள் காலை அதில் 187-ஐ அழித்து 188 என்று சாக்பீசால் எழுதியதும் நான்தான்.

துரை சொன்ன சொல் தவறவில்லை. மூன்று வாரச் சம்பளம் முழுதாகக் கொடுத்தார். அடிபட்டவரின் வீட்டுக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆனால் ஆள்காட்டி விரல் அப்புறம் மடங்கவே இல்லை. கழியைப் பிடிக்க முடியாதவரை உதிரிப் பழம் பொறுக்கப் போட்டார்கள். சம்பளம் பாதிக்குச் சற்றுமேல். பிற்பாடு சொக்சோ கேட்கலாம் என்று யாரோ அவரிடம் சொல்ல, விபத்து நடந்ததற்குத் தாளில் என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்தது. தாளில் என் கையெழுத்தில் ‘வீட்டில்’ என்று இருந்தது.

மூன்று வாரச் சம்பளத்தைத் தோட்டம் கொடுத்ததால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் நானும் அன்று நினைத்தேன். ஆனால் எம்.சி. (மருத்துவ விடுப்பு) நாட்களுக்குச் சொக்சோவில் கிடைப்பது தற்காலிக உதவித்தொகை மட்டும்தான். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால், சந்தா கட்டிய சம்பளக் கணக்கில் நாள் ஒன்றுக்கு 80 விழுக்காடு தருவார்கள். மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறவருக்குச் சுமார் 45 வெள்ளி. பெரிய விஷயம் அதற்கு அடுத்ததுதான். விரல் மடங்காமல் போனால், கண் மங்கிவிட்டால், மருத்துவக் குழு இத்தனை விழுக்காடு முடம் என்று மதிப்பிடும். 20 விழுக்காட்டுக்குள் என்றால் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் ஒரு பகுதியை மொத்தமாகக் கேட்கலாம், மீதி சாகும்வரை மாதாமாதம் வரும். கும்பிட்டு வாங்கிய மூன்று வாரச் சம்பளத்தோடு போனது அதுதான்.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம் பக்கத்து வீட்டுப் பையன். எண்ணெய் ஆலையில் வேலை. போன மாதம் விடியற்காலையில் மோட்டாரில் போகும்போது நாய் குறுக்கே வந்ததால் கீழே விழுந்து, தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் எம்.சி. “ரோட்டில் விழுந்ததெல்லாம் வேலை விபத்தில் வராது” என்று ஆலை ஆபீசில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தவறு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியும் திரும்புகிற வழியும் சட்டத்தில் சேர்த்திதான். வழியை விட்டுச் சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பினால்தான் சிக்கல். “நாசி லெமாக் வாங்க எங்கேயாவது நின்றாயா தம்பி?” என்று கேட்டேன். “அம்மா கட்டிக் கொடுத்துட்டாங்க மாமா” என்றான். சரி, அந்த அம்மா வாழ்க. போலீஸ் ரிப்போர்ட், எம்.சி., பஞ்ச் கார்டு நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவனோடு நானும் ஆலைக்குப் போனேன். பாரம் 34 நிரப்பப்பட்டது.

விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அது தயவு அல்ல. சந்தாவே கட்டாத முதலாளியிடம் வேலை செய்தாலும் தொழிலாளியின் உரிமை போய்விடாது, பாக்கியைச் சொக்சோ முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். 2019 ஜனவரி முதல் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களும் இதில் வருகிறார்கள். இன்றைக்குக் குலை வெட்டுகிறவர்களில் பலர் அவர்கள்தான். அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்?

இன்னொன்று. கிளினிக்கில் டாக்டர் கேட்கும்போது, வேலையில் நடந்தது என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். கூட வருகிற மண்டோர் (மேற்பார்வையாளர்) சொல்லட்டும் என்று இருக்காதீர்கள். டாக்டர் என்ன எழுதினார் என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். சம்பளச் சீட்டையும் மாதாமாதம் பாருங்கள். ஓவர்டைமை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் சந்தா பிடித்திருந்தால், அடிபடும்போது உங்கள் கணக்கும் அதற்குத் தக்கபடிதான் குறையும்.

விரல் மடங்காத அந்த மனிதர் இப்போது எங்கள் தாமானில்தான் (குடியிருப்பில்தான்) இருக்கிறார். காலையில் தேநீர்க் கடையில் பார்க்கிறோம். கிளாசைப் பிடிக்கும்போது அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். என்னை இன்னும் ‘கிராணி ஐயா’ என்றுதான் கூப்பிடுகிறார்.

முன்னாள் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்