நட்டுவனார் வீட்டுப் பெட்டியைத் திறக்க ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நூலக அறிவியல் படித்தால் எங்கெல்லாம் வேலைக்குப் போகலாம் என்று தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் ஒரு பட்டியல் வந்திருந்தது. பள்ளி, கல்லூரி, பொது நூலகம், பத்திரிகை அலுவலகம், மென்பொருள் நிறுவனம் என்று நீண்ட பட்டியல்தான். நாட்டிய ஆவணங்களைக் காக்கும் வேலை மட்டும் அதில் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். இடம் போதாமல் வெட்டுவதாக இருந்தால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், கடைசிப் பகுதியை வெட்டாதீர்கள்.

நான் கும்பகோணத்துக்காரன். கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். நாட்டியத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, கோயில் விழாவில் யாராவது ஆடினால் கூட்டத்தோடு நின்று பார்ப்பது வரைக்கும்தான். பரதநாட்டியம் கற்றுக்கொடுத்து, தாளம் தட்டி ஆட்டுவிக்கும் நட்டுவனார் குடும்பம் ஒன்று அடுத்த தெருவில் இருந்தது. பெரியவர் போய்ப் பல வருடங்கள் ஆயிற்று. பேரன் வெளியூரில் வேலை பார்க்கிறார். போன வருடம் வீட்டை விற்க வந்தவர் என்னிடம் வந்து, "சார், தாத்தா பெட்டி ரெண்டு கிடக்கு. பழைய பேப்பர்காரர் கேட்டுட்டுப் போயிருக்கார். நீங்க லைப்ரரிதானே, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பின் அட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட பள்ளிக்கூட நோட்டுகள் 23. வி.எச்.எஸ். வீடியோ கேசட்டுகள் 17. ரப்பர் பேண்ட் இற்று ஒட்டிப்போன அரங்கேற்ற அழைப்பிதழ்க் கட்டுகள். பசைத்தாள் ஆல்பத்தில் மஞ்சளாகிவிட்ட போட்டோக்கள். வேட்டித் துணியில் சுற்றிய, தாளம் தட்டும் தட்டுக்கழி. அடியில் ஒரு தகர டப்பா. அதில் சின்னதாக ஒரு ஃபிலிம் சுருள். மூடியைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடியைத் திறந்தது மாதிரி புளிப்பு வாடை அடித்தது. எலி கிலி செத்துக் கிடக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

இரண்டு பெட்டியையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, பழக்கதோஷத்தில் ஒரு பதிவேடு வாங்கிக் கோடு போட்டேன். வரிசை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பாளர், ஆண்டு. முதல் கேசட்டை எடுத்து வைத்துக்கொண்டு 'ஆசிரியர்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன். பேனா நகரவில்லை. ஆடிய பெண்ணையா எழுதுவது? ஜதி என்னும் தாளச் சொற்கட்டைக் கோத்த நட்டுவனாரையா? பரத நிகழ்ச்சி முறையை வகுத்த சகோதரர்களான தஞ்சை நால்வர் செய்த வர்ணம் (நீண்ட உருப்படி) என்றால் அவர்களையா? பாடியவர், மிருதங்கம் வாசித்தவர், கேமரா பிடித்தவர் எல்லாம் எங்கே போவது? தலைப்பு என்னவென்று உறையைப் பார்த்தால், 'கல்யாணம்' என்று எழுதியதை அடித்துவிட்டு 'பெரிய பொண்ணு, மாயவரம், 2-ம் பாதி' என்று போட்டிருக்கிறது. யார் அந்தப் பெரிய பொண்ணு என்று பேரனுக்கும் தெரியவில்லை.

வகைப்பாட்டு எண்ணாவது போடுவோம் என்று, புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்க உதவும் டூயி அட்டவணையை எடுத்தேன். மேடை நடனத்துக்கு 792.8. நாட்டார் நடனம், தேசிய நடனம் என்றால் 793.3. நாங்கள் பரதத்தைக் காலகாலமாக இரண்டாவதில்தான் வைத்திருந்தோம். அதே வரிசையில் கொஞ்சம் தள்ளிப் புதிர்கள் 793.73, மாயாஜாலம் 793.8. அலமாரியில் பரதநாட்டியப் புத்தகத்துக்குப் பக்கத்தில் தந்திரக் காட்சி கற்பது எப்படி என்ற புத்தகத்தை என் கையாலேயே வைத்திருக்கிறேன். அப்போது உறைக்கவில்லை.

இனி என் கைப்பிழை. கேசட் ஒன்றின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாவின் மேல் மாவு தூவினாற்போல் வெள்ளையாக இருந்தது. தூசி என்று நினைத்துக்கொண்டு, கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் பழைய டெக் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கொண்டுபோனேன். இரண்டு நிமிடம் படம் ஓடியது. வர்ணம். ஒரு பெண் தீர்மானத்துக்கு, அதாவது ஜதியை முடிக்கும் அடிக்கு, காலைத் தூக்குகிறாள். கர்ரென்று ஒரு சத்தம், திரை முழுக்கப் புள்ளி. நாடா டெக்குக்குள் சுற்றிக்கொண்டுவிட்டது. வீடியோக்காரர் கத்தரியால் வெட்டி எடுத்து, செல்லோ டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். இன்றைக்கு அந்தக் கேசட்டில் பெண் காலைத் தூக்குகிறாள். கால் கீழே இறங்குவதற்குள், கச்சேரிக் கடைசியில் ஆடும் தில்லானாவின் நடுப்பகுதி வந்துவிடுகிறது.

அந்த வெள்ளை தூசி இல்லை, பூஞ்சை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட கேசட்டைத் தனியே பிரித்து வைத்து, ஈரம் போக உலரவிட்டு, சுத்தம் செய்யாமல் ஓட்டவே கூடாதாம். ஓட்டினால் டெக்கில் பூஞ்சை ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். டப்பாவில் அடித்த புளிப்பு வாடை அசிடேட் ஃபிலிம் சிதைகிறபோது வருவது. ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. குளிர்ச்சியில் வைத்தால் வேகம் குறையும். மற்ற ஃபிலிமோடு சேர்த்து வைத்தால் அதையும் கெடுக்கும். 31 வருடம் நூலகராக இருந்தவனுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. நான் படித்த காலத்தில் பாதுகாப்பு என்ற பாடத்தில் கரையானும் வெள்ளிமீன் பூச்சியும் வந்தன, நாடா வரவில்லை.

காகிதம் இன்னும் ஐம்பது வருடம் பொறுக்கும். நாடா பொறுக்காது. நாடாவே நன்றாக இருந்தாலும் ஓட்டக் கருவி வேண்டுமே? வி.எச்.எஸ். கருவியைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களை ஓட்டும் கருவிகள் 2025 வாக்கில் கிடைக்காமல் போகும் என்று யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து 2019-லேயே எச்சரித்தன. 1980-களிலிருந்து நம் ஊர்களில் நடந்த அரங்கேற்றங்கள் எத்தனை இந்த நாடாவில் மட்டும் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நோட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கம் பக்கமாக ஜதிகள், பென்சிலில். சில இடங்களில் 'ததிங்கிணதொம்' என்று எழுதி மேலே ஒரு புள்ளி. சில வரிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மை சொட்டியது, பிழை திருத்தியது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நட்டுவனாரிடம் சின்ன வயதில் கற்றுக்கொண்ட அம்மா ஒருவர் இதே ஊரில் இருக்கிறார், வயது 79. நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர் சிரித்துவிட்டார். "தப்பில்ல தம்பி. புள்ளி வச்ச இடத்துல கழி தட்ட மாட்டாரு. சும்மா நிறுத்திட்டு எங்க மூஞ்சியப் பாப்பாரு. சரியா வந்து விழுறோமான்னு பாக்குறதுக்கு. செவப்பு போட்டது சின்னப் புள்ளைங்களுக்கு விட்டுடணும்னு அர்த்தம்." நான் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தால் புள்ளி அழகாகப் பதிவாகியிருக்கும். புள்ளியின் பொருள் இந்த அம்மாவோடு போயிருக்கும். 'பெரிய பொண்ணு' யார் என்பதையும் இவர்தான் சொன்னார். அந்தப் பெண் கல்யாணத்துக்குப் பிறகு வேறு பெயரில் ஆடியிருக்கிறார்.

'இதுக்கு எதுக்கு லைப்ரரி படிச்சவன், ஒரு ஸ்கேனர் போதாதா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். யாரைக் கேட்பது, எந்தப் பெயரில் எழுதுவது, ஒரே ஆளின் இரண்டு பெயரையும் எப்படி இணைப்பது, எதை முதலில் காப்பாற்றுவது, இதெல்லாம் நூலகத் தொழில். ஜதி தெரிந்தவருக்கு அட்டவணை தெரியாது. அட்டவணை தெரிந்த என் போன்றவருக்கு அறுதி எது, தீர்மானம் எது என்று தெரியாது. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பேரன் என்னிடம் "யூடியூப்ல போட்டுடலாமா சார்?" என்று கேட்டபோது விழித்தேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பில் சேர்க்கிறது, எழுத்திலோ வேறு விதத்திலோ அது பதிவாகியிருந்தால். அப்படிப் பார்த்தால் வாய்ப்பாடு போட்ட அந்த நோட்டுதான் நட்டுவனாரின் பதிவு. ஆடியவருக்கோ அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவில் 50 ஆண்டுக்குத் தனி உரிமை இருக்கிறது. பெட்டி யாருடையது என்பது வேறு, உள்ளே இருப்பது யாருடையது என்பது வேறு.

இதை அமெரிக்காவில் தொழிலாகவே ஆக்கியிருக்கிறார்கள். நியூயார்க் பொது நூலகத்தில் நடனத்துக்கென்றே தனிப் பிரிவு 1944 முதல் இருக்கிறது. ஜெரோம் ராபின்ஸ் என்ற நடன அமைப்பாளர், தான் இயக்கிய பிராட்வே இசை நாடகம் ஒன்றின் வருமானத்தில் ஒரு பங்கை அங்கே நடனப் படக் காப்பகத்துக்கு எழுதிவைத்தார். 1992-ல் நடன ஆவணங்களுக்காகவே ஒரு கூட்டமைப்பு அங்கே தொடங்கியது. 2017-ல் அது நடனக் கலைஞர்களுக்கான டான்ஸ் யு.எஸ்.ஏ. என்ற தேசிய அமைப்போடு இணைந்தது. நூலக, ஆவணக் கல்வி மாணவர்களை உதவித்தொகை கொடுத்து நடனக் குழுக்களிடம் அனுப்பி, அவர்கள் வீட்டுப் பெட்டிகளை ஒழுங்கு பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். மாணவருக்குக் கைப்பழக்கம், குழுவுக்குப் பட்டியல்.

நம்மிடம் குறைந்தா போயிற்று? இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் ரங்கநாதன் பிறந்த சீர்காழியும் நால்வர் வாழ்ந்த தஞ்சையும் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பும் தூரம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்கு முந்தைய வருடம் அதே சட்டமன்றம் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வந்தது நியாயம்தான். ஆனால் நாட்டியத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அந்தக் குடும்பங்களின் கலைச்சொத்தைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. சபாவில் ஆடியவர்களுக்கு ஆல்பமும் மலரும் இருக்கின்றன. நட்டுவனார் வீட்டுப் பெட்டி பரணில் கிடக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. எம்.லிப். என்னும் நூலக அறிவியல் முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் திட்டக் கட்டுரை எழுதத்தான் செய்கிறார்கள். அதில் பாதி, கல்லூரி நூலகத்தை மாணவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற வினாப்பட்டியல் ஆய்வு. நானே வருடத்துக்கு ஏழெட்டு வினாப்பட்டியல் நிரப்பிக் கொடுத்தவன். அதற்குப் பதில் ஆறு மாதம், இருவர் இருவராக, ஒரு நட்டுவனார் வீட்டுக்கோ இசைக் கல்லூரிக்கோ தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துக்கோ அனுப்பட்டும். கூடவே பரதம் படிக்கும் மாணவி ஒருவர் போகட்டும். தாளைக் காக்கும் வேலையைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பார்த்துக் கற்கலாம். 2017-ல் திரைப்படப் பாதுகாப்புக்குச் சென்னையில் பயிலரங்கு நடந்தது. நாட்டிய நாடாக்களுக்கும் அப்படி ஒன்றை இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் நடத்தலாம். உதவித்தொகைக்கு மத்திய அரசின் தொழிற்பழகுநர் திட்டத்தில் பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் இடமுண்டு; 'நான் முதல்வன்' திட்டத்திலும் சேர்க்கலாம். சம்பளமில்லாமல் அனுப்பினால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் வருவார்கள். நட்டுவனார் வீட்டுப் பேத்தியே நூலகம் படித்துவிட்டு வர வேண்டும் என்பது என் ஆசை.

பெட்டி இரண்டும் இப்போது என் வீட்டு நடு அறையில் இருக்கின்றன. ஃபிலிம் டப்பாவைத் தனியே பிரித்துவிட்டேன். மீதிக் கேசட்டுகளை ஓட்டவில்லை, ஓட்டவும் மாட்டேன். அந்த அம்மா செவ்வாய், வெள்ளி நாலு மணிக்கு மேல் உட்கார்ந்து பேசுவார். 23 நோட்டில் ஆறு முடித்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
கும்பகோணம்.