ஸ்பானிஷ் பாட்டும் வீட்டில் ஐந்து நிமிடமும்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஆறாம் வகுப்பில் ஸ்பானிஷ் பாடத்தை இந்தப் பருவம் பாட்டோடு தொடங்கியிருக்கிறோம். முதல் பாட்டு 'ஊனோ தே எனேரோ'. வட ஸ்பெயினில் பாம்ப்லோனா நகரத்தின் சான் ஃபெர்மின் திருநாள் ஜூலை 7. அந்த நாளை எண்ணிக் காத்திருக்கும் நாட்டுப்புறப் பாட்டு இது. ஜனவரி 1, பிப்ரவரி 2, மார்ச் 3 என்று ஜூலை 7 வரை போகும். ஏழு எண்ணும் ஏழு மாதமும் சேர்ந்தே மனத்தில் ஏறும். எத்தனையாவது மாதம் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

பிள்ளைகள் தடுமாறுவது எழுத்தைப் பார்த்ததும்தான். ஆங்கில எழுத்தாகத் தெரிவதால் மூன்றை 'ட்ரெஸ்' என்றும் நான்கை 'குவாட்ரோ' என்றும் வாசிக்கிறார்கள். அங்கே வர வேண்டியது 'ட' அல்ல, நம் 'த' ஒலி. நாக்கு மேல்பல்லைத் தொட்டு 'த்ரேஸ்', 'குவாத்ரோ' என்று வர வேண்டும். 'ஊனோ தே' என்பதிலுள்ள 'தே' இன்னும் மென்மையானது. 'அது' என்னும்போது வரும் 'து'வைப் போல. தமிழ் பேசும் குழந்தைக்கு இது கையில் இருக்கும் ஒலி, ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை. அதனால்தான் முதல் இரண்டு பாடவேளைகளில் பாட்டு எழுதிய தாளே தருவதில்லை. கேட்பது, கைதட்டுவது, வரிவரியாகத் திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான்.

பாடி முடித்ததும் அதே வரியை மெட்டில்லாமல் பேசச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெட்டு இழுக்கும் இடத்தையே அழுத்தமும் விழும் இடம் என்று குழந்தை பழகிவிடும். ஸ்பானிஷில் அழுத்தம் மாறினால் பொருளே மாறும்: 'பாபா'வில் பின்னசையை அழுத்தினால் அப்பா, முன்னசையை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு.

இன்னொரு சிக்கல், 'ஆறு என்ன?' என்றால் ஒன்றிலிருந்து பாடிக்கொண்டே போய்த்தான் 'செயிஸ்' என்பார்கள். வரிசை தெரிகிறது, சொல் தெரியவில்லை. கலைத்துக் கேளுங்கள். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் 'இப்போது எத்தனை?' என்று கேட்கலாம். மே எத்தனையாவது மாதம் என்றால் 'சின்கோ' உடனே வர வேண்டும். தினம் ஐந்து நிமிடம் போதும்.

ஸ்பெயின் காணொளிகளில் 'சின்கோ'வின் முதல் ஒலி, நாக்கு நுனி பற்களுக்கிடையே நின்று வரும். லத்தீன் அமெரிக்காவில் 'சி' தான், வகுப்பிலும் அதுவே. இரண்டும் சரி, திருத்த வேண்டாம்.

மூன்றாவது பாடவேளையில் ஆறு காலியிடங்கள் உள்ள பாட்டுத்தாள் வீட்டுக்கு வரும். பாட்டைக் கேட்டுக் குழந்தையே நிரப்பட்டும், நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். எந்த ஒலி காதில் விழவில்லை என்பதை ஆசிரியர் அந்தத் தவறுகளிலிருந்துதான் கண்டுபிடிக்கிறார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்