மறுஒளிபரப்பு அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்பு எனக்குப் பிடித்த நகைச்சுவை நடிகர் ஒருவர் இறந்துபோனார். அன்று ராத்திரி டிவியைப் போட்டால், திரையின் அடியில் அவர் காலமான செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே அதே மனிதர், கடன் கேட்டு வந்தவனிடமிருந்து தப்பிக்கச் செத்தவர்போல் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறார். பின்னணியில் பதிவு செய்த சிரிப்பொலி. சேனலை மாற்றிவிட்டேன். அது எந்தச் சேனல் என்ற பேச்சு இங்கே வேண்டாம்.

அவர் நிகழ்ச்சியைப் போட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். அத்தனை எபிசோடுகளில் நடித்தவருக்கு, அன்றைக்குப் பார்த்து இது ஒன்றுதானா கிடைத்தது? யாரும் தேடி எடுத்திருக்க மாட்டார்கள், வரிசைப்படி தானாக வந்து விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் வேலை நடக்கும் விதம் ஓரளவு தெரியும். பட்டியலை முன்கூட்டியே ஏற்றிவிடுவீர்கள். பிளேஅவுட் மென்பொருள் நொடி பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடும். ராத்திரிப் பணியில் இருப்பவர் படமும் சத்தமும் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பார். கதையைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? கோப்போடு வரும் குறிப்பில் தலைப்பு, நீளம், இன்னும் எத்தனை தடவை போட உரிமை இருக்கிறது என்பதெல்லாம் இருக்கும். 'பதினோராவது நிமிடத்தில் ஒரு விமானம் விழுகிறது' என்று எழுதியிருக்காது.

2013 ஜனவரியில் பிபிசி மாட்டிக்கொண்டதும் இப்படித்தான். அதன் பிரபல தொகுப்பாளர் ஜிம்மி சாவில் 2011-இல் இறந்தார். அவர் பல காலமாகச் சிறுவர் சிறுமியரைப் பாலியல் கொடுமை செய்தவர் என்பது 2012-இல் வெளியே வந்தது. அவர் தொகுத்து வழங்கிய பழைய பாட்டு நிகழ்ச்சிகளை பிபிசி மறுஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டது. அப்படியும் சில மாதங்களில், அதன் குழந்தைகள் சேனலான சிபீபீஸில், 2001-இல் எடுத்த 'ட்வீனீஸ்' எபிசோடு ஒன்று ஓடியது. அதில் ஒரு கதாபாத்திரம் பொன்னிற விக் மாட்டிக்கொண்டு சாவிலைப் போலவே பேசுகிறது. பிபிசி மன்னிப்புக் கேட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சாவில் பெயரைப் போட்டுத் தேடியிருந்தாலும் அந்த விக் சிக்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், அல்லது முன்பு பார்த்தவர் ஒரு வரி எழுதி வைத்திருக்க வேண்டும்.

சரி, பயந்துபோய் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிடலாமா? 1997-இல் வந்த 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் எபிசோடு ஒன்றில், நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வாசலில் மாட்டிக்கொண்ட தன் காரை மீட்க ஹோமர் போகிறான். அந்த மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்க நிலையங்கள் பல அதை மறுஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டன. அந்த வாரம் போடாதது சரி, அந்த வருடம் போடாததும் சரிதான். ஆனால் பல வருடங்கள் கழித்துத்தான் அது மெல்லத் திரும்பி வந்தது. அதில் கோபுரங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, நின்றுகொண்டிருக்கின்றன. அவை நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அடுத்த வாரம் வரவேண்டிய 'பஃபி தி வேம்பயர் ஸ்லேயர்' என்ற அமெரிக்கத் தொடரின் எபிசோடில், பள்ளியில் எல்லாரையும் கொல்ல யாரோ திட்டமிடுகிறார்கள் என்பது கதை. அதை நிறுத்தி, செப்டம்பரில் போட்டார்கள். மறுஒளிபரப்பு இல்லை, புது எபிசோடுதான். ஆனாலும் தள்ளி வைத்தார்களே தவிரத் தொலைத்துவிடவில்லை.

எபிசோடைவிட எனக்குப் பயம் விளம்பர இடைவேளைதான். விமான விபத்து நடந்தால் விமான நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்தைத் தாங்களே நிறுத்தச் சொல்லிவிடும். அது பழைய வழக்கம். உங்கள் சொந்த ப்ரோமோவை நிறுத்தச் சொல்ல யார் இருக்கிறார்கள்? துக்கச் செய்தி முடிந்த மறுநொடி, 'சிரித்துச் சாகத் தயாரா?' என்று ஒரு குரல் கத்தும். அதற்காக ஒரே அடக்கமான அறிவிப்பையே திரும்பத் திரும்பப் போட்டாலும் வேலைக்கு ஆகாது. 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் நிறுவனங்கள் விளம்பரங்களை எடுத்துக்கொள்ள, அந்த இடத்தையெல்லாம் ஏசி ஜப்பான் என்ற அமைப்பின் பொதுநல விளம்பரங்கள் நிரப்பின. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மக்கள் புகார் செய்து, விளம்பரத்தின் முடிவில் வரும் சின்ன மெட்டையே எடுக்கவேண்டியதாயிற்று.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. ராத்திரியில் இருக்கும் ஒருவருக்கு, யாரிடமும் கேட்காமல் ஒரு நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் கொடுங்கள். அவர் கைக்கு எட்டும் இடத்தில், யாரையும் புண்படுத்தாத மாற்று எபிசோடுகள் நாலைந்து வைத்திருங்கள். வசன வரிகள் உங்களிடம் எழுத்தாகவே இருக்கின்றன; ஒரு சாவோ விபத்தோ நடந்த உடனே அடுத்த சில நாள் பட்டியலை அதில் தேடிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? விக் தப்பிவிடும், ஒப்புக்கொள்கிறேன். பாதியாவது சிக்குமே.

அப்புறம், எடுத்தால் எடுத்தோம் என்று திரையில் ஒரு வரி போடுங்கள். சத்தமில்லாமல் எபிசோடை மாற்றிவிட்டால் எங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். எடுத்த நாளிலேயே, அதை மறுபடி எப்போது எடுத்துப் பார்ப்பது என்று ஒரு தேதியும் குறித்து வைத்துவிடுங்கள்.

அந்த நடிகரின் எபிசோடு போன வருடம் ஒரு மதியம் மறுபடி வந்தது. இந்தத் தடவை அடியில் எந்த எழுத்தும் ஓடவில்லை. அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தபோது நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
அன்றைக்குச் சேனலை மாற்றியவன்