கோலா கரடி அல்ல

ஆசிரியருக்கு,

தங்கள் சிறுவர் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கோலாவைப் பற்றி வந்த குறிப்பைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். தலைப்பிலேயே 'கோலா கரடி' என்று இருந்தது வருத்தமளித்தது. உருண்டை முகத்தையும் அடர்ந்த ரோமத்தையும் பார்த்தால் கரடி நினைவு வருவது இயல்புதான். அறிவியல் பெயரிலுள்ள 'பாஸ்கோலார்க்டாஸ்' என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் 'பையுடைய கரடி' என்றுதான் பொருள். ஆனால் அது பெயரளவில் மட்டுமே. குட்டியைப் பையில் வளர்க்கும் வோம்பாட் என்ற விலங்குதான் கோலாவின் நெருங்கிய உறவு; பையுடைய கங்காருவும் சொந்தம்தான்.

கரடிக்குட்டி கருப்பையில் நஞ்சுக்கொடி வழியாக ஊட்டம் பெற்று வளர்ந்து பிறக்கிறது. கோலா ஏறக்குறைய 35 நாளிலேயே பிறந்துவிடும். நீளம் சுமார் 2 செ.மீ., எடை ஒரு கிராமுக்கும் குறைவு. கண் திறந்திருக்காது, உடலில் ரோமம் இருக்காது. அந்த நிலையில், முன்னங்கால்களின் பலத்தை மட்டுமே நம்பித் தாயின் வயிற்றின் மேல் ஊர்ந்து, தானாகவே அங்குள்ள பைக்குள் போய் முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது! பிறகு ஆறு மாதம் போல அந்தப் பைக்குள்தான் வளர்கிறது. இதைச் சொன்னதும் பேத்தி வாய் பிளந்து கேட்டாள். இப்படி ஓர் அதிசயம் இருக்க, அதைக் 'கரடி' என்ற ஒரே சொல்லில் மறைத்துவிடலாமா?

2022 பிப்ரவரியில் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், கான்பெரா தலைநகரப் பகுதிக் கோலாக்களை ஆஸ்திரேலிய அரசு அருகிவரும் உயிரினமாக அறிவித்தது. அதையும் சேர்த்து, ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்