கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். படிப்பவரை இணங்க வைக்கும் எழுத்து பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சொன்னதைத் திரும்பச் சொல்வது, மூன்று மூன்றாக அடுக்குவது, விடை எதிர்பாராத கேள்வி கேட்பது என உத்திகளை ஒவ்வொன்றாக விளக்கியிருந்தார் கட்டுரையாளர். எழுதத் தொடங்குபவர்களுக்கு நிச்சயம் உதவும். ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் மெய்ப்புத் திருத்திய எனக்கு அதில் ஒரு பெரிய குறை தெரிந்தது. எடுத்துக்காட்டுகள் எல்லாமே ஆங்கிலச் சொற்பொழிவுகள். அவற்றின் வலு ஆங்கில வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழுக்கு வரும்போது அது இடம் மாறிவிடும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியதைக் கட்டுரையாளர் காட்டுகிறார். அங்கே திரும்பத் திரும்ப வரும் 'I have a dream' என்ற தொடரால் கனவு என்ற சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். என்ன கனவு என்பது பின்னால் தொடரும். தமிழில் இயல்பாகச் சொன்னால் கனவின் உள்ளடக்கம் முன்னே வரும், 'கனவு காண்கிறேன்' கடைசியில் நிற்கும். நம் வினைமுற்றின் இடம் அதுதான். ஆகவே திரும்ப வரும் சொல்லுக்கும் வாக்கியத்தின் இறுதியே தமிழில் பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன். இதைப் பாருங்கள்: 'வரி கேட்டார்கள், கொடுத்தோம். பொறுமை கேட்டார்கள், கொடுத்தோம். வாக்குக் கேட்டார்கள், கொடுத்தோம். இப்போது நாங்கள் கணக்குக் கேட்கிறோம்.' மூன்று முறை ஒரே இடத்தில் விழுந்த சொல் நான்காம் முறை விழவில்லை. படிப்பவர் நிமிர்ந்து உட்காருவது அங்கேதான்.

முன்பு வந்த சொல் மீண்டும் வருவதைப் பின்வருநிலை அணி என்று அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் பாராட்டுகிறது. 'கூறியது கூறல்' என்று நன்னூல் அதைப் பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைக்கிறது. இளம் வயதில் இது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. திருத்தித் திருத்தித்தான் புரிந்தது: மீண்டும் வரும் சொல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் அணி, வெறுங்கையோடு வந்தால் குற்றம்.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்றை இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். 'பாலம் உறுதியானது, ஆனால் தாமதமாகக் கட்டி முடித்தார்கள்.' 'தாமதமாகக் கட்டி முடித்தாலும் பாலம் உறுதியானது.' இரண்டிலும் ஒரே தகவல்கள்தாம். முதல் வாக்கியத்தைப் படித்தவர் குறை சொல்லக் கிளம்புவார், இரண்டாவதைப் படித்தவர் சமாதானமாகிவிடுவார். எதிர்த்தரப்பின் நியாயத்தை 'ஆலும்' போட்டு முன்னே வைத்து, தன் தரப்பைப் பயனிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறவர் குரலை உயர்த்தாமலே வாதத்தில் பாதி தூரம் போய்விடுகிறார். அலங்காரமாக யாருக்கும் தெரியாத இந்த வரிசையைத்தான் முதலில் கற்றுத்தர வேண்டும்.

வினை முடியாமல் அடுத்த சொல்லை எதிர்பார்த்து நிற்கும் எச்சங்களும் அப்படித்தான். 'கூடி, பேசி, மூன்று முறை தள்ளிவைத்து, கடைசியில் கைவிட்டார்கள்' என்னும்போது படிப்பவர் அந்த முற்றுக்காகக் காத்திருக்கிறார். அளவு மீறினால் எழுவாயே மறந்துபோகும். 'முடிவு எடுக்கப்பட்டது', 'தவறு நேர்ந்துவிட்டது' போன்ற வாக்கியங்களில் செய்தவர் காணாமல் போவதும் ஓர் உத்திதான். எழுதுகிறவர் கற்காவிட்டாலும் படிக்கிறவர் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

விடை எதிர்பாராத கேள்வி படிப்பவரை இணங்க வைக்கும் என்று கட்டுரையாளர் சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. நன்னூல் எண்ணும் எட்டு விடைகளில் வினா எதிர் வினாதலும் ஒன்று. 'செய்வாயா?' என்றால் 'செய்யாமல் இருப்பேனோ?' என்பது. விடை இருவருக்கும் முன்பே தெரிந்திருப்பதால் அந்தக் கேள்வி நிற்கிறது. 'இதை யார்தான் மறுப்பார்கள்?' என்று மறுக்கக் காத்திருப்பவரிடமே கேட்டால், 'நான் மறுப்பேன்' என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு அவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். நூலகம் ஒன்றை மூடக்கூடாது என்று ஓர் இளைஞர் எழுதிய விண்ணப்பம் ஒருமுறை என் மேசைக்கு வந்தது. ஒரே பக்கத்தில் பதினொரு கேள்விகள். தினமும் எத்தனை பேர் அங்கே வந்து படிக்கிறார்கள் என்ற தகவலோ கடைசிப் பத்தியில் ஒளிந்திருந்தது. அதை முதல் வரிக்குக் கொண்டுவரச் சொன்னேன். திருத்தி முடித்தபோது கேள்விகளில் ஒன்றுதான் மிஞ்சியது. அந்த ஒன்று நன்றாகவே தைத்தது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒரே செய்தியை இரண்டு மூன்று வாக்கிய வரிசைகளில் எழுதிக் காட்டி, எந்த வரிசை படிப்பவரை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று விளக்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். எடுத்துக்காட்டுகளைத் தமிழிலேயே எழுதப்பட்ட தலையங்கங்களிலிருந்தும் வாசகர் கடிதங்களிலிருந்தும் எடுத்தால் பெரிதும் மகிழ்வேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்