குளோசபைன் மாத்திரை: ரத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மனச்சிதைவு நோய்க்கு இரண்டு மருந்துகளை உரிய அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தும் காதில் கேட்கும் குரல்கள் அடங்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இப்படி. அவர்களுக்கென்று நிரூபணமான மருந்து ஒன்றுதான் இருக்கிறது: குளோசபைன். 1988-ல் அமெரிக்காவில் ஜான் கேன் குழு வெளியிட்ட ஆய்வில், வேறெதற்கும் அசையாத நோயாளிகளில் 30 சதவீதம் பேர் ஆறே வாரத்தில் இந்த மருந்தில் தேறினார்கள். பழைய மருந்தான குளோர்புரோமசைனில் தேறியவர்கள் 4 சதவீதம். தற்கொலை எண்ணத்தைக் குறைப்பதிலும் இதற்குத் தனி இடம் உண்டு. ஆகவே இந்த மடல் யாரையும் பயமுறுத்த அல்ல. இன்னும் நிறையப் பேருக்கு இந்த மருந்து கிடைக்க வேண்டும், கிடைத்தவர்கள் அதனாலேயே உயிரிழக்கக் கூடாது, இவ்வளவுதான் எங்கள் கவலை.

குளோசபைன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ரத்தப் பரிசோதனை. காரணம் இருக்கிறது. 1975-ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் எட்டுப் பேர் வெள்ளையணுக்கள் அற்றுப்போய், தொற்று கண்டு இறந்தார்கள். அதன் பிறகு பல நாடுகளில் மருந்து முடங்கியது. 1989-ல் அமெரிக்கா ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடுதான் அனுமதித்தது. நிபந்தனை சரியே. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்த ஒரு வாசலில் மட்டும் காவல் நின்று பழகிவிட்டோம். ஆபத்து இப்போது வேறு வழிகளிலும் வருகிறது: கட்டிப்போன குடல், விட்டுப்போன இரண்டு நாள், நிறுத்திய பீடி, தெரியாமல் சேர்த்த ஒரு ஆன்டிபயாடிக்.

முதலில் ரத்தத்தையே சொல்லி முடித்துவிடுகிறோம், ஏனென்றால் அங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆய்வகச் சீட்டில் மொத்த வெள்ளையணு 4,200 என்று இருக்கும். இயல்பு 4,000-க்கு மேல் என்பதால் சிவப்புக் குறி எதுவும் விழாது. சீட்டு மடித்து வைக்கப்படும். பார்க்க வேண்டியது அதுவல்ல. அதற்குக் கீழே நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு வகை) 30 சதவீதம் என்று இருந்தால், 4,200-ஐ 30-ஆல் பெருக்கி 100-ஆல் வகுங்கள்: 1,260. இது 1,500-க்குக் கீழே. உடனே மனநல மருத்துவரைக் கூப்பிட வேண்டிய அளவு. 1,000-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்த வேண்டும். 500-க்குக் கீழே போனால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் ரத்தவியல் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அன்றே அனுப்ப வேண்டும். இந்தப் பெருக்கலை ஆய்வக நுட்பநரே போட்டுச் சீட்டில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் 18 வாரம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை பார்ப்பது நம்மிடம் புழங்கும் வழக்கம். தேதி எதுவாக இருந்தாலும், காய்ச்சலோ தொண்டை வலியோ வந்த அன்றே ஒரு எண்ணிக்கை எடுக்க வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது.

இனி வயிறு. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

குளோசபைன் குடலின் அசைவையே மந்தப்படுத்துகிறது. சாப்பிட்டது பெருங்குடலைக் கடக்க மற்றவர்களுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். நியூசிலாந்தில் 2016-ல் வெளியான ஆய்வில் குளோசபைன் எடுப்பவர்களுக்கு அது நான்கு நாளுக்கு மேல் ஆனது. குடல் அடைத்து, வீங்கி, ரத்த ஓட்டம் நின்று, அழுகி, ஓட்டை விழுந்து இறப்பவர்கள் உண்டு. நிலைமை முற்றிய பிறகு வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பிழைக்கவில்லை என்று 2008-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 ஜனவரியில் இந்த எச்சரிக்கையை மேலும் கடுமையாக்கியது.

இது எப்படிக் கைநழுவிப் போகிறது என்று பாருங்கள். குளோசபைன் எடுப்பவர் வயிற்று வலி என்று இரவு நேரத்தில் பணி மருத்துவரிடம் வருகிறார். வலி என்றால் டைசைக்ளோமின் ஊசி போடுவது கை பழகிய வைத்தியம். அந்த ஊசி குடலை இன்னும் மந்தமாக்கும். அல்லது ‘பேதி’ என்று வருகிறார். கெட்டிப்பட்ட மலத்தின் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிவதைத்தான் அவர் பேதி என்கிறார். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை கொடுத்தால் இருந்த கொஞ்ச வழியும் அடைபடும். வலி குறைந்தது போலத் தோன்றும், வீட்டுக்கு அனுப்புவார்கள், காலையில் வயிறு கல்லாக இருக்கும். குளோசபைன் எடுப்பவருக்கு வயிறு உப்பி, வாந்தி வந்து, வலி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அதைக் குடல் அடைப்பு என்றே வைத்துக்கொண்டு எக்ஸ்-ரே எடுங்கள், அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இல்லை என்று உறுதியான பிறகு மற்றதை யோசிக்கலாம்.

தடுப்பது எளிது, செலவும் இல்லை. மாத்திரை தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சென்னா மாத்திரை இரவில் ஒன்றோ இரண்டோ. போதாவிட்டால் மேக்ரோகால் பொடி சேர்க்கலாம். இசப்கோல் வேண்டாம். வீட்டில் அம்மாக்கள் அன்போடு கலக்கிக் கொடுப்பது அதுதான், கடையிலும் முதலில் எடுத்து நீட்டுவது அதுதான். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருகும் உமி. ஓடாத குடலில் அது அடைப்புக்கு இன்னொரு கட்டியாகிவிடும். கூடவே டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையைப் பாருங்கள். பழைய மனநல மருந்துகள் தரும் நடுக்கம், விறைப்புக்காக எழுதிய அந்த 2 மி.கி. மாத்திரை, குளோசபைனுக்கு மாறிய பிறகும் சீட்டில் வருஷக்கணக்காகத் தொடர்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இனி அது தேவையே இல்லை. குடலுக்கு அது நேர் எதிரி. திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்து எடுத்துவிடுங்கள்.

‘மலச்சிக்கல் உண்டா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். நோயாளி வலியைக்கூட அவ்வளவாகச் சொல்ல மாட்டார். ‘கடைசியா வெளிக்கு எப்ப போனீங்க, என்னைக்கு?’ என்று நாளைக் கேளுங்கள். மூன்று நாள் என்றால் அன்றே வைத்தியம்.

அடுத்தது இடைவெளி. குளோசபைன் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. 300 மி.கி. எடுத்துக்கொண்டிருந்தவருக்கு மூன்றாம் நாள் அதே 300-ஐக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், இதயத் துடிப்பு நிற்கலாம், வலிப்பு வரலாம். உடம்பு அந்தப் பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுகிறது. 25 மி.கி. மாத்திரையில் பாதி, அதாவது 12.5 மி.கி.யில் மறுபடி ஆரம்பித்து ஏற்ற வேண்டும். முன்பு தாங்கியவர் என்பதால் முதல் தடவையைவிடக் கொஞ்சம் வேகமாக ஏற்றலாம், அதுவும் கண்காணிப்பில். இன்னொரு பக்கம், திடீரென நின்றால் வியர்வை, வாந்தி, தூக்கமின்மையோடு நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும்.

இதனால்தான் மருந்தகச் சாளரத்தில் சொல்லப்படும் ஒரு வாக்கியம் எங்களுக்கு உறுத்துகிறது: ‘ரத்த ரிப்போர்ட் இல்லையா, மாத்திரை கிடையாது, வியாழக்கிழமை வாங்க.’ நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் காய்ச்சல் இல்லாத, பல வருஷமாக எண்ணிக்கை சீராக உள்ள ஒருவரை அப்படித் திருப்பி அனுப்பினால், பரிசோதனை தாமதமானதால் வரக்கூடிய ஆபத்தைவிட மருந்து நின்றதால் வரும் ஆபத்து பெரிது. அன்றே ரத்தம் எடுங்கள், மருத்துவரிடம் கேட்டு ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை கொடுங்கள். பரிசோதனை விதிகள் மருந்துக்கே தடையாகிவிட்டன என்ற காரணத்தால் ரத்த அறிக்கையைப் பதிவுசெய்தால்தான் மருந்து என்ற கட்டாயத் திட்டத்தை அமெரிக்காவே 2025-ல் நீக்கியது. பரிசோதனை செய்யும்படி இன்னமும் அறிவுறுத்துகிறது, ஆனால் அறிக்கை இல்லை என்று மருந்தைப் பூட்டி வைப்பதில்லை. பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் வருபவர்களுக்கு விடுமுறை நாட்களையும் எண்ணிச் சேர்த்துக் கொடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு மனநல மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. குளோசபைனைப் பொறுத்தவரை அந்த ‘எப்போதும்’ என்ற சொல்லில் 48 மணி நேரக் கெடு இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 100 மி.கி.யோடு 25 மி.கி. மாத்திரையையும் எல்லா மாவட்டக் கிடங்கிலும் தீராமல் வைத்திருக்க வேண்டும். 25 இல்லாத இடத்தில் 100-ஐ எட்டாக உடைத்துச் சரியாகத் தொடங்க யாராலும் முடியாது.

பீடி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. புகையில் உள்ள பொருள்கள் ஈரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. அது குளோசபைனை வேகமாகக் கரைத்து வெளியேற்றுகிறது. பீடியை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் அதே அளவு மாத்திரையில் ரத்தத்தில் மருந்து ஒன்றரை மடங்காகலாம், சிலருக்கு அதற்கும் மேலே போகும். எச்சில் ஒழுகும், நாள் முழுக்கத் தூங்குவார், நடை தள்ளாடும், வலிப்பும் வரலாம். வார்டில் பீடி கிடையாது என்பதால் உள்நோயாளியாகச் சேர்ந்ததுமே இது தொடங்கிவிடுகிறது. வீட்டுக்குப் போய் மறுபடி பற்ற வைத்தால் மருந்து இறங்கி, குரல்கள் திரும்பும். ‘மாத்திரை சாப்பிடுவதில்லை’ என்று பழி நோயாளி மீது விழும். காரணம் நிகோடின் அல்ல, புகை. ஆகவே நிகோடின் சூயிங்கமோ வாயில் அடக்கும் புகையிலையோ இதை ஈடுகட்டாது. புகையை விடச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். கூடவே மனநல மருத்துவருக்கும் தகவல் போகட்டும். முதல் வாரத்தில் கால் பங்கு குறைத்து, ரத்தத்தில் மருந்தளவு பார்த்து மேற்கொண்டு தீர்மானிப்பார். அந்த ரத்தம் இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கப்பட வேண்டும். ஒரு மில்லி லிட்டருக்கு 350 முதல் 600 நானோகிராம் வரை இலக்கு. 1,000 தாண்டினால் ஆபத்து.

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அதே நொதியை அடக்கிவிடும். சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ ஐந்து நாள் எழுதியதே மருந்தளவைப் பல மடங்கு ஏற்றி உயிரையும் எடுத்திருக்கிறது. மனச்சோர்வு மருந்தான ஃப்ளுவாக்சமைனும் அப்படியே. நிமோனியா போன்ற கடும் தொற்று, ஆன்டிபயாடிக் இல்லாமலேயே மருந்தளவை ஏற்றும். காய்ச்சல் தணியும்வரை அளவைப் பாதியாக்க வேண்டி வரலாம். வலிப்பு மருந்தான கார்பமசெபினைக் குளோசபைனோடு ஒருபோதும் சேர்க்க வேண்டாம்.

தொடங்கும்போது அவசரமே கூடாது. முதல் நாள் 12.5 மி.கி. வெளிநோயாளிக்கு வாரத்துக்கு 25 முதல் 50 மி.கி.க்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 2022-ல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டி, ஆசியர்களுக்குப் புகைக்காத பெண் என்றால் சுமார் 175 மி.கி., புகைக்கும் ஆண் என்றால் சுமார் 300 மி.கி. போதுமானதாக இருக்கலாம் என்கிறது. மேல்நாட்டுப் புத்தகத்தில் உள்ள 450-ஐ நோக்கி ஓட வேண்டியதில்லை. வேகமாக ஏற்றினால் இதயத் தசையில் அழற்சி வரும் வாய்ப்புக் கூடுகிறது. அது பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் வரும். முதல் நான்கு வாரம் ட்ரோப்பனினும் (இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சி.ஆர்.பி.யும் (அழற்சியைக் காட்டும் பரிசோதனை) வாரம் ஒரு முறை பார்க்க முடிந்தால் நல்லது. முடியாத இடத்தில் காய்ச்சல், மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, நாடி 120 தாண்டுவது என்பவற்றை ‘சாதாரண ஜுரம்’ என்று விடாதீர்கள். எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலும், மூன்றாம் மாதத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் குறித்து வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

துறையிடம் நாங்கள் கேட்பது பெரிய திட்டம் அல்ல. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடிப் போகிறார்கள். குளோசபைன் எடுப்பவர் வீட்டிலும் அவர்கள் மூன்று கேள்வி கேட்கட்டும்: கடைசியாக வெளிக்குப் போனது என்று, பீடி சிகரெட்டில் ஏதாவது மாற்றமா, வீட்டில் எத்தனை மாத்திரை மிச்சம். பதிலை மாவட்ட மனநலத் திட்டச் செவிலியருக்குச் சொன்னால் போதும். அதோடு, ஓ.பி. சீட்டில் ஒட்டி அனுப்ப மஞ்சள் அட்டை ஒன்று அச்சிடுங்கள். அதில் இருக்க வேண்டிய வாசகத்தையும் எழுதித் தருகிறோம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

‘இவர் குளோசபைன் எடுக்கிறார். அளவு: ___ மி.கி. தொடங்கிய நாள்: ___. கடைசி நியூட்ரோஃபில் எண்ணிக்கை: ___, தேதி: ___. புகைக்கிறாரா: ஆம் / இல்லை. காய்ச்சல், தொண்டை வலி: இன்றே ரத்த எண்ணிக்கை. வயிறு உப்பல், வாந்தி, மூன்று நாள் மலம் போகாமை: இன்றே மருத்துவமனை. டைசைக்ளோமின், லோபரமைடு, சிப்ரோஃப்ளாக்சசின், கார்பமசெபின் கொடுக்க வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பழைய அளவைக் கொடுக்க வேண்டாம். முதலில் மனநல மருத்துவரிடம் பேசவும். உதவிக்கு டெலி மானஸ் 14416, அவசரத்துக்கு 108.’

இப்படிக்கு,
மனநலப் பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், மருத்துவர்கள்